பொருந்தாத இருநூற்றுப் பதினான்கு

மழைநீர் வடிகால் பிரிவு, இரண்டாம் மாடி.
பழைய மென்பொருள் ஓடும் கணினிக்கு
மேசை ஒதுக்கவில்லை.
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே
பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து
இருபத்தாறு வருடமாகப்
பச்சை எழுத்தில் கண் சிமிட்டுகிறது.
மவுஸ் கிடையாது.
எலி உண்டு, அது வேறு.
எஃப் பத்தை அழுத்தினால் சேமிக்கும்.
எஃப் ஒன்பதை
யாரும் அழுத்திப் பார்த்ததில்லை.

'அங்க இருக்கறத இங்க கொட்டணும், அவ்ளோதான்'
என்றார் எங்கள் மேலாளர் ஹெப்பார்.
ஓசூரிலிருந்து பாசஞ்சர் பிடித்து வந்து
பெங்களூரின் சாக்கடைகளை
நாள் தவறாமல் கொட்டினேன்:
எண், நீளம், அகலம், ஆழம்,
கடைசியாகத் தூர்வாரிய தேதி.
பதினேழு இடத்தில் அது
பிப்ரவரி முப்பது.
கான்ட்ராக்டருக்கு மட்டும் விடிந்த நாள்.

கடைசிக் கட்டம் 'குறிப்பு'.
நாற்பது எழுத்துக்குமேல் வாங்காது.
எழுதியவர் பெயர் இல்லை,
ஆபரேட்டர் 07.
ஆங்கில எழுத்தில் கன்னடம்,
அவசரம் வந்தால் தமிழ்.
'மூடி திருட்டு. மூன்றாம் தடவை.'
'தையல் கடை வாசலில் முழங்கால் வரை.'
'பசு விழுந்தது. எடுத்தாச்சு. உயிரோடு.'
நாற்பது தீர்ந்து
பாதியில் அறுந்ததும் ஒன்று:
'ராத்திரி தண்ணி ஏறி அந்த வீட்டு குழந்'

புதியதில் குறிப்புக்கு இடமில்லை.
அம்புக்குறியைத் தட்டினால் மூன்று சொல் இறங்கும்:
குறைவு, மிதம், அதிகம்.
முழங்காலை மிதத்தில் போட்டேன்.
பசுவை எதில் போட?
அறுந்து நின்ற வரியை
அன்றைக்கு அப்படியே விட்டுவிட்டு
ரயிலுக்கு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை சோதனை ஓட்டம்.
பதினோராயிரத்துச் சொச்சம் வரிசைகள்
பச்சையாகித் தாண்டின.
இருநூற்றுப் பதினான்கு சிவப்பு.
எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்:
'வரைபடத்தில் இவ்விடத்தில் வடிகால் இல்லை.'

உதவிப் பொறியாளர் தொட்டமனி
டீ கிளாஸைக் கீழே வைக்காமலே குனிந்தார்.
இது லேஅவுட் ஆகிவிட்டது, இது கல்யாண மண்டபம்,
இந்தப் பதினொன்றின்மேல் ஒரே ஆஸ்பத்திரி
என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே வந்தவர்
ஒன்றில் மட்டும் விரலை வைத்து
எனக்காகத் தமிழில் சொன்னார்:
'இது யாருதுன்னு கேக்காதீங்கம்மா.'

ஹெப்பார் போனில்:
'தூக்கிடு. டேட்டா க்ளீனா இருக்கணும்.
திங்கட்கிழமை கமிஷனர் பட்டனை அழுத்துறார்.'

சம்பளத்தில் சேராத வேலை ஒன்று செய்தேன்.
சிவப்பு வரிசைகளை ஒவ்வொன்றாய்
என் போன் மேப்பில் போட்டுப் பார்த்தேன்.
நூற்று முப்பத்தொன்றாவது
வெளிவட்டச் சாலையைக் கடந்து போய்
எங்கள் கம்பெனியின் அடித்தள பார்க்கிங்கில்,
ஹெப்பாரின் கார் நிற்கும் தூணருகே
நின்றது.
வருடா வருடம் செப்டம்பரில்
அங்கே பம்பு வைத்து இறைப்பார்கள்.
'அடியில ஊத்து இருக்கும் போல மேடம்'
என்பார் செக்யூரிட்டி.

அழிக்கவில்லை.
துணிச்சல் என்று சொல்ல முடியாது,
மணி ஒன்பதாகிவிட்டது, ரயிலும் போய்விட்டது,
கை வேறு பழகியிருந்தது.
'நிலை' கேட்டது:
'தற்காலிகமாக மூடப்பட்டது' என்றேன்.
'இடம்' கேட்டது:
இந்த அலுவலக வாசலையே கொடுத்தேன்,
இருநூற்றுப் பதினான்கு முறையும்.
'அருகிலுள்ள அடையாளம்' என்ற கட்டத்தில்,
கோயிலோ பள்ளியோ எழுதவேண்டிய இடத்தில்,
07 எழுதியதை
எழுத்துப் பிழையோடு ஒட்டினேன்.

திங்கட்கிழமை பெரிய திரையில் ஊர் விரிந்தது.
நீலக் கோடுகள், பார்க்க அழகுதான்.
எல்லோரும் கைதட்டினார்கள், நானும்.
எங்கள் கட்டட வாசலில் மட்டும்
மை கொட்டினாற்போல் ஒரு புள்ளி.

'அதென்ன?' என்றார் கமிஷனர்.
'தண்ணி, சார்,' என்றார் தொட்டமனி.

அவர் அதைத் தொடவில்லை, நேரமில்லை.
தொட்டிருந்தால் வரிசையில் முதலாவதாகத் திறந்திருக்கும்:
ராத்திரி தண்ணி ஏறி அந்த வீட்டு குழந்