சாட்சிக்கு இருவர்

உங்களைவிட இளையவராக இருக்கணும்.
உங்களுக்குப் பிறகும் உயிரோடு இருக்கணும்.
உயிலில் அவர் பேரில் ஒரு டம்ளர்கூட இருக்கக் கூடாது.
பத்திரம் எழுதும் நடேசன்
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னார்:
"ரெண்டு பேர் போதும், ஆச்சி."

இரண்டு பேர்.
கோட்டையூரில் எங்கள் வீடு
ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது.
நாற்பத்தெட்டுப் பங்கு, கிட்டத்தட்ட அத்தனை பூட்டு.
பங்காளிகள் சென்னையில், பினாங்கில், ஒருவர் டல்லாஸில்.
ஓடு ஒழுகுகிறது என்றால்
வாட்ஸப் குழுவில் கைகூப்புவார்கள்.
அவர்களைக் கூப்பிட முடியாது.
என் இரட்டை அறை யாருக்குப் போகும் என்ற கணக்கு
என்னைவிட அவர்களுக்கு நன்றாக வரும்.

முப்பத்தொரு வருடம் இன்சூரன்ஸ் ஆபீசில்
டெத் கிளெய்ம் மேசை என்னுடையது.
அழுதுகொண்டு வந்தவர்களிடம்
நாமினி வேறு, வாரிசு வேறு என்று
எத்தனை முறை சொல்லியிருப்பேன்.
நாமினி, பணத்தைக் கையில் வாங்குகிறவர்.
வாரிசு, அந்தக் கையைப் பிடித்து இழுக்கிறவர்.

அதனால் ஒன்று விடாமல் எழுதினேன்.
கழுத்திருவை அழித்து வாங்கிய காசுகள்,
வைப்புத்தொகை ரசீது நான்கு,
யாரும் கேட்காத தையல் மெஷின்.
'சுயநினைவோடும் பிறர் தூண்டுதல் இன்றியும்'
என்று நடேசன் தட்டியபோது சிரிப்பு வந்தது.
தூண்டுதல் இல்லாமலா?
போன ஆடியில் குளியலறையில் விழுந்து
நாலு மணி நேரம்
தரைக்கல்லின் பூக்களை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.
நூற்றுப்பதினேழு.

வெள்ளிக்கிழமை மாத்திரை வாங்க வரவில்லையே என்று
ஆளும் கடப்பாரையுமாக வந்தவள் பரக்கத்,
மருந்துக்கடைக்காரி.
நாலு ரசீதும் அவளுக்கு.
மூச்சுக்குழாய் வேண்டாம் என்ற தனித்தாளில்
எனக்காக முடிவெடுக்கிற இடத்திலும் அவள்தான்.
ஆகவே அவள் சாட்சியாக முடியாது.
எந்தப் பக்கம் ஒருக்களித்தால் எனக்கு மூச்சு வரும்
என்று அறிந்தவள்,
எனக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது
என்று சொல்லத் தகுதியற்றவள்.

சட்டத்தைக் குறை சொல்லவில்லை.
என் மேசையிலும்
பாசமாக நீண்ட கையைத்தான்
முதலில் சந்தேகப்பட்டேன்.

கடைசியில் கிடைத்தார்கள்.
சிலிண்டர் போடும் தர்மராஜ்.
அப்புறம், எங்கள் முகப்பில்
யாரோ கல்யாண ஜோடியை நிறுத்திப் படமெடுத்த
கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன்.
"ஆன்ட்டி, நீங்கதான் ஓனரா?"
"நாற்பத்தெட்டில் ஒன்று."
"அப்ப எந்தத் தூண் உங்களது?"
அதுவரை யோசித்ததில்லை.
எண்ணிப் பார்த்தால்
ஒரு தூணில் முக்கால்.

காரைக்குடிப் பதிவு அலுவலகத்தில்
கட்டைவிரலைக் கருவி ஏற்கவில்லை.
துடைத்து வைக்கச் சொன்னார்கள். ஏற்கவில்லை.
ஊராரின் சாவுத் தாள்களைப் புரட்டித் தேய்ந்த ரேகை.
நடுவிரலுக்கு ஒப்புக்கொண்டது.
"பேர்?"
"உமையாள்."
"யாராச்சும் வற்புறுத்தினாங்களா?"
பூக்களைச் சொல்லவில்லை.
"இவங்களை எவ்வளவு நாளாத் தெரியும்?"
தர்மராஜ் தலையைச் சொறிந்தான்.
"ஐயா இருந்தப்ப மாசம் ஒரு சிலிண்டர், சார்.
இப்ப மூணு மாசத்துக்கு ஒண்ணு."
அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை.
எழுதியிருக்கலாம்.

வெளியே வேப்பமர நிழலில்
என் கைப்பையும் தண்ணீர் பாட்டிலுமாக பரக்கத்.
உள்ளே வராதே என்று நான்தான் நிறுத்தியிருந்தேன்,
காரணம் சொல்லாமல்.
இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறாள்.
"முடிஞ்சுதா?"
"முடிஞ்சுது."
என்ன எழுதினீர்கள் என்று கேட்பாள் என்று
ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.
"பதினோரு மணி மாத்திரை?" என்றாள்.
நான் வாய் திறக்குமுன்
மை காயாத உள்ளங்கையில்
அது இருந்தது.