இரண்டரைப் பவர்

பிள்ளைக்காம்பராவில்
தொட்டில் சேலைகளைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு
எழுத்து அட்டையை மாட்டினேன்.
ஹட்டனிலிருந்து வேனில் வந்தவை மூன்று பெட்டி.
ஒன்று முழுக்க வில்லைகள்.
வெளியே மழை,
வரிசையில் சாக்கு கவிழ்த்த தலைகள்.

செவனம்மா அட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை.
"அந்த எழுத்தெல்லாம் எனக்கெதுக்கு மிஸ்."
இடுப்பிலிருந்து
நாலாய் மடித்த சம்பளத் துண்டை எடுத்து விரித்தாள்.
"இது தெரியணும்."

தகரம் ஒழுகி ஒரு சொட்டு
துண்டின்மேல் விழுந்தது.
சொட்டுக்கு அடியில் ஓர் ஆறு
திடீரென்று வயிறு பருத்து நின்றது.
நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை,
பெருவிரலால் துடைத்துவிட்டாள்.

பயிற்சியில் சொல்லித் தராதது, நானாகத் தேடிப் படித்தேன்:
பஸ்ராவில் பிறந்து மிஸ்ரில் வாழ்ந்த ஒருவர்
ஆயிரம் வருடத்துக்கு முன்பே எழுதிவிட்டார்,
கண்ணிலிருந்து எதுவும் புறப்படுவதில்லை,
ஒளிதான் வந்து நுழைகிறது என்று.
கண்ணாடி உருண்டை பொருளைப் பெரிதாக்கும் என்றும்.
அதை மூக்கில் ஏற்றலாமென்று மட்டும்
அவருக்குத் தோன்றவில்லை போலும்.

அதன்பின் எத்தனை தலைமுறை
வெள்ளெழுத்து விழுந்த காதிமாரும் பிரதி எழுதுவோரும்
கையை நீட்டி நீட்டிப் படித்து
கையின் நீளம் போதாமல் போய்
மகனைக் கூப்பிட்டிருப்பார்கள்.
பிறகு
பரங்கி வியாபாரியின் மூட்டையில் வந்ததோ என்னவோ,
ஷாமிலும் மிஸ்ரிலும் முதுமையைப் பாட வந்தவர்கள்
கண்ணாடியையும் பாட்டுக்குள் இழுத்துவிட்டார்கள்.
முதலில் போட்டது யார், என்ன விலை,
ஒரு பெண்ணாவது போட்டாளா?
நான் படித்ததில் ஒரு வரியும் இல்லை.

ஒன்று. ஒன்றரை. இரண்டு.
இரும்புச் சட்டம் அவள் மூக்கை அழுத்தியது.
இரண்டரையில்
உதடு அசைவதை நிறுத்தினாள்.

"பதினாறு."

துண்டைக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள்.
"பதினாறு கிலோ.
நான் இத்தனை நாளா எட்டுன்னு நெனச்ச எடத்துல
ஆறுல்ல இருக்கு."
தேதி தேதியாக விரல் இறங்கியது.
பதினாறு. பதினாறு. பதினேழு. பதினாறு.
சாக்குக்குக் கழித்தது, தண்ணிக்குக் கழித்தது,
எதற்கென்றே எழுதாமல் கழித்தது.

தலையை நிமிர்த்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தவள்
சிரித்துவிட்டாள்.
"மிஸ், மலையக் காணோம்!"
கிட்டத்துக்கான கண்ணாடி அது, தூரம் கலங்கும் என்றேன்.
"அது கெடக்கட்டும்.
நாப்பது வருசமா அந்த மலைய நல்லாத்தான் பாத்தேன்."

கழற்றிக் கேட்டேன். தரவில்லை.
வாசலுக்குப் போய்
அடுத்து நின்ற பூவாத்தாவின் முகத்தில் மாட்டினாள்.
பூவாத்தா ரவிக்கைக்குள் கைவிட்டாள்.
அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியும்
இடுப்பிலிருந்தோ முந்தானையிலிருந்தோ
ஈரத் துண்டு ஒன்றை உருவத் தொடங்கினாள்.

நிறுவைக் கொட்டகையில் கணக்கப்பிள்ளை
தன் கண்ணாடியைக் கழற்றி
வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.