கடைசிக் குச்சி

அமகசாக்கியில், ரயில் பாலத்துக்குக் கீழே
மொரிவாகியின் கோழிச்சுடு கடையில்
பக்கத்து இருக்கைக்காரர்கள் இருவர்
தின்று முடித்த மூங்கில் குச்சிகளை
வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.
ஒன்பது குச்சி. ஒன்பது நிலவறை.
எந்த விளையாட்டென்று
பெயர் சொல்லும் முன்பே தெரிந்துவிட்டது எனக்கு.

"காற்றாலைக் கோபுரம்தான் முதலிடம்,
அதில் பேச்சே இல்லை" என்றான்
கழுத்துப்பட்டையைத் தளர்த்தியிருந்தவன்.
ரியூஹெய் என்று கூப்பிட்டான் மற்றவன்.
பேச்சே இல்லை என்றவன்
கால்மணி நேரம் பேசினான்.

இரண்டாவது தேனடைக் குகை.
மூன்றாவதற்குத்தான் அடிதடி:
கண்ணாடி மாளிகையா, எலும்புப் பாலமா?
மணல் கிணறு பாவம்,
பரமபதத்தில் பாம்பு கடித்ததுபோல் ஏழுக்கு இறங்கி
ஏணி கிடைத்து நாலுக்கு ஏறி
சாஸில் விழுந்து, துடைக்கப்பட்டு,
ஐந்தில் வந்து படுத்தது.

கடைசி இடத்துக்கு மட்டும் சண்டையே இல்லை.
"மூழ்கிய மடம்."
இருவரும் ஒரே மூச்சில்.
அந்தக் குச்சி வரிசையில்கூட இல்லை.
எச்சில் குவளைக்குள் போனது.

நான் என் பீரின் நுரையைப் பார்த்தேன்.

மூழ்கிய மடம் நான் கட்டியது.
தொண்ணூற்றேழு. எனக்கு இருபத்தொன்பது வயது.
மற்ற எட்டையும் ஆண்கள் பங்கு போட்டபின்
"ஹத்சுயோ, தண்ணீர் உனக்கு" என்றார் தொயொமுரா.
மேசைக்கடியில் படுத்துத் தூங்கி,
பல் துலக்கிய கையோடு
தளம் தளமாகத் தண்ணீர் நிரப்பினேன்.

அந்தத் திருகுசக்கரம்!
ஒவ்வொரு திருப்புக்கும் பதினோரு விநாடி.
தண்ணீர் ஏறும்வரை வீரன் கைகட்டி நிற்பான்.
நாடே என்னைத் திட்டியது, என் பெயர் தெரியாமல்.
பதினோரு விநாடி என் ஆசையல்ல.
அடுத்த தளத்தை வட்டிலிருந்து
இயந்திரம் எழுத்துக்கூட்டி வாசிக்கும் நேரம் அது.
இதை யாரிடம் போய்ச் சொல்ல?
காற்றாலைக் கோபுரத்தில் ரியூஹெய் உருகினானே ஒரு பின்கதவு,
அதுவும் என் யோசனைதான்.
அதையும் யாரிடம் போய்ச் சொல்ல.

மூன்றாம் தளம், வடக்கு மூலை.
அங்கே ஓர் அறை வைத்தேன்.
பெட்டி இல்லை, சாவி இல்லை, பகை இல்லை.
மடத்திலேயே நனையாத ஒரே தரை.
ஒரு ஜன்னல். எங்கோ சொட்டும் சத்தம்.
சோதனைக் குழு சிவப்பு மையில் எழுதியது:
பயனற்றது, நீக்கவும்.
நீக்கிவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டேன்.
நீக்கவில்லை.

"அதில் ஓர் அறை இருக்குமே" என்றான்
அதுவரை அதிகம் பேசாத தமோன்.
"எந்த அறை?"
"ஒன்றுமே இல்லாத அறை.
பள்ளி விட்டு வந்ததும் விளையாட்டைப் போட்டு
நேராக அங்கே போய் அவனை நிறுத்திவிடுவேன்.
சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே
கணக்குப் பாடம் செய்வேன்.
பின்னம் முழுவதும் அங்கே படித்ததுதான்."

"அப்படியானால் எட்டாம் இடம் கொடுக்கலாமா?"
"ஐயோ, வேண்டாம். மடம் படுமோசம்.
ஒன்பதுதான்."
ஆனாலும் குவளையிலிருந்து குச்சியை எடுத்தான்.
காகிதத்தில் துடைத்தான்.
வரிசையைவிட்டு இரண்டு விரற்கடை தள்ளி
தனியாக வைத்தான்.

தொண்டைவரை ஏறியது எனக்கு,
திருகுசக்கரம் திருப்பியதுபோல.
மொரிவாகியிடம் ஈரல் ஒன்று சொல்லி
அதை மென்று விழுங்கினேன்.

காசு கொடுத்துக் கிளம்பும்போது
தமோனின் முதுகுப்பக்கம் நின்று சொன்னேன்:
"அந்த ஜன்னலுக்குக் கீழே
குனியும் பொத்தானை அழுத்திப் பிடித்தால்
அவன் உட்காருவான்.
பதினோரு விநாடி பிடிக்க வேண்டும்."

வெளியே மழை.
என் குடையை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.
உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம்.
தலைக்கு மேல் ஒசாகா ரயில் போனது.
பாலம் முடியும்வரை நனையாமல் நடந்தேன்.