இரண்டு நிமிடத் தாமதம்

மே நான்கு.
ரோட்டர்டாமில் இரவு எட்டு மணிக்கும்
கொஞ்சம் வெயில் மிச்சமிருக்கும்.
வானொலியில் கட்டுப்பாட்டறை கரகரத்தது:
எல்லா வண்டிகளும் அங்கங்கே நிற்கவும்.
பாலத்தின் இறக்கத்தில் டிராமை நிறுத்தினேன்.
கீழே மாஸ் ஆறு மட்டும்
யார் உத்தரவையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். இருபது பேர் இருக்கும்.
ஒருவர் தொப்பியைக் கழற்றி
எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் மாட்டினார்.
முக்காடிட்ட ஒரு பெண் எழுந்து நின்றாள்.
அவளுக்கு எந்தப் போர், எந்தப் பெயர்,
எனக்குத் தெரியாது.
அவள் பையிலிருந்து ஒரு வெங்காயம் நழுவி
உருளத் தொடங்கியது.

எடுக்க யாரும் குனியவில்லை.
காலணிகளுக்கு நடுவே,
தள்ளுவண்டிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு,
தன் சருகு சரசரக்க,
வண்டியின் முழு நீளமும் வந்து
என் அறைக்கதவில் மெல்லத் தட்டியது.

நீயும் இப்படித்தான் தட்டுவாய், யெல்மர்.
உருஸ்கான் முகாமில், கண்டெய்னர் கதவில்,
விரல் முட்டியால் ஒரே ஒரு தட்டு.
கதவு ஏற்கெனவே திறந்துதான் இருக்கும்.

அன்று காலை உன் நகவெட்டியை
இரவல் வாங்கியிருந்தேன்.
வலது கையில் மூன்று விரல் முடிப்பதற்குள்
உங்கள் வண்டிகள் கிளம்பிவிட்டன.
சாயங்காலம் தருகிறேன் என்று கத்தினேன்.
புழுதிக்குள்ளிருந்து
நீ கையை மட்டும் காட்டினாய்.

மீதி இரண்டு விரலை வெட்ட
எனக்குப் பல வாரம் ஆயிற்று.

ஒரு வருஷம் அழைப்பிதழ் வந்து
ஆம்ஸ்டர்டாம் சதுக்கத்துக்குப் போனேன்.
பதக்கம் கோட்டை ஒரு பக்கமாக இழுத்தது.
மலர்வளையம் வைத்தவர்கள்
முதுகைக் காட்டாமல் பின்னடி வைத்து நகர்ந்தார்கள்.
ஒலிபெருக்கியில் யாரோ 'தியாகம்' என்றார்.
எனக்கு நகவெட்டி ஞாபகம் வந்து
சிரித்துவிட்டேன்.
பக்கத்திலிருந்த அம்மாள் அதை அழுகையென்று எண்ணி
கைக்குட்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.
அதன் பிறகு இந்த நாளில்
விடுப்பு எடுப்பதில்லை.

எட்டு இரண்டு. கிளம்பலாம் என்றது வானொலி.
எல்லோரும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.
முன்னிருக்கைப் பையன் குனிந்து எடுக்க,
வெங்காயம் கைமாறிக் கைமாறிப் பின்னால் போனது,
ஒவ்வொருவரும் அதை
இரண்டு கையாலும் வாங்கிக் கொடுத்தார்கள்.

மூன்று நிறுத்தத்துக்குள்
அந்த இரண்டு நிமிடத்தைப் பிடித்துவிட்டேன்.
கடைசி நிறுத்தம்: சரியான நேரம்.
பதிவேட்டில் தாமதம் என்ற கட்டத்தில்
சுழியம் போட்டேன்.

விளக்கணைத்துச் சாவியை உருவும்போது
கொத்தில் அது இடறிச் சத்தமிட்டது.
துருப்பிடிக்கவில்லை.
இன்னும் நன்றாக வெட்டுகிறது, யெல்மர்.