அரைப்பேர்

மூன்றாம் நாளாக மூட்டம் விலகவில்லை.
எதிர்மலை எங்கே, மவுசாக்கலைத் தண்ணீர் எங்கே,
ஒன்றும் தெரியாது.
தாங்கிக்குப் பின்னால் குந்தினால்
போனில் இரண்டு கோடு ஏறும்.
நேற்றுப் போட்ட ரீலோட்டில் பாதித் தரவு இறங்கிற்று,
மீதியை விடியப்புறம் இழுத்தெடுத்தேன்.

இரண்டு விண்மீன் மண்டலங்கள்
ஒன்றுக்குள் ஒன்று சரிந்துகொண்டிருக்கின்றன.
நாற்பது கோடி ஆண்டுக்கு முந்திய சரிவு.
நடுவில் அத்தனை தூசி;
ஒளிக்கு அங்கேயும் மஸ்கெலியாதான்.
ஆறு சென்ரிமீற்றர் அலை மட்டும்
எதையும் சட்டைசெய்யாமல் வெளியே வரும்,
ஏதோவொரு பாலைவனத்தில்
நிமிர்ந்திருக்கும் கிண்ணங்களில் விழும்,
பிறகு என் பேட்டரி செத்த மடிக்கணினியில்
ஒரு புள்ளி.
தின்னும்போது சத்தம் போடுகிற கருந்துளை.
அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அதன் தென்கிழக்கே இன்னொன்று.
இருக்கிறது என்று சொல்ல நா எழவில்லை,
இல்லையென்று அழிக்கக் கை வரவில்லை.
"முதல் புள்ளியின் சிந்தல் அது, கழித்துவிடு"
என்று எழுதியிருக்கிறார் கலாநிதி பெனடிக்ற்.

கழிவு.
அந்தச் சொல்லை நாலரைக்கு
கொழுந்து மடுவத்திலும் கேட்டேன்.
புஷ்பகாந்தி மதினியின் சாக்கு
தராசில் பத்தொன்பது காட்டிற்று.
தண்ணிக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று,
முற்றின இலைக்கு இன்னும் ஒன்று.
ஏட்டில் பதினைந்து.
நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கு
அரைப்பேர்.
மதினி சண்டை பிடிக்கவில்லை.
ஈரப் படங்கை ஏட்டுக்குக் கிட்ட உதறினாள்.
பதினைந்தின் ஐந்து மட்டும் கலங்கிற்று.

இரவு, கழிக்காமல் மறுபடி தொடங்கினேன்.
மூன்று சென்ரிமீற்றரில் முதல் புள்ளி மங்கிற்று.
சிந்தல் என்றால்
இதுவும் கூடவே மங்கவேண்டும், இடம் பெயரவேண்டும்.
மங்கவில்லை.
பெயரவுமில்லை.
கரண்ட் போய் வந்தது. திரும்பவும் போட்டுப் பார்த்தேன்.
அதே இடம், அதே பிடிவாதம்.

அட்டவணையில் சேர்த்திருக்கிறேன்:
இரண்டாம் கரு,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
மற்றப் பாதிப் பேருக்கு
இன்னும் பதினொரு மணிநேர வானம் கேட்டு
விண்ணப்பம் எழுதவேண்டும்.
பெனடிக்ற் கோபிப்பார்.

"ரெண்டாவதும் திங்குதா, சும்மா நிக்குதா?"
பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மதினி,
தூங்கவில்லை போல.
திங்குது மதினி, என்றேன். கொஞ்சமா.
"நிறுத்தவன் யாரு?"
நான்தான்.
அவள் சிரித்தது
பலகையைத் தாண்டிக் கேட்டது.