சீட்டு ஒட்டாத குப்பி

வாலிநோக்கம் உப்பளத்தில்
ஆய்வுக்கூடம் என்பது
ஆஸ்பெஸ்டாஸ் கூரை,
இரண்டு பியூரெட்,
அலமாரி நிறையக் காலி ஹார்லிக்ஸ் பாட்டில்,
நான்.

காலை எட்டரைக்கு மாதிரிகள் வரும்.
பாத்தி எண் எழுதிய பாலித்தீன் பைகளில்
நேற்றைய கடல்.
கரைக்கிறேன். சொட்டுச் சொட்டாய் விடுகிறேன்.
பீட்ரூட் நிறம் நீலமாகும் சொட்டில்
கை நிற்க வேண்டும்.
அடுத்த சொட்டு பொய்.

பேரேட்டில் ஐந்து பத்தி:
ஈரம், கரையாதது, கால்சியம், மெக்னீசியம், சல்பேட்.
ஐந்துக்கும் மேலே ஒரே தலைப்பு, மாசு.
உப்புக்கென்று பத்தி கிடையாது.
நூறிலிருந்து இத்தனையும் கழித்தபின்
மிஞ்சுவதுதான் உப்பு.

மதியம் வேலை குறைவு.
ஜன்னல் திட்டில் குப்பிகள் அடுக்கினேன்,
யாரும் கேட்காமலே.
முதலாவதில் சுத்தக் கரைசல்.
நூலில் தொங்கிய கடுகளவு விதை
பதினெட்டு நாளில் தாயக்கட்டை ஆனது.
பிளேடை வைத்து ஒரு தட்டு.
மறுபேச்சில்லாமல் இரண்டாய்ப் பிளந்தது.
இவ்வளவு சுத்தம்
இவ்வளவு சுலபம்.

துளி கால்சியம் விட்டதில்
பிளேடு கொஞ்சம் தயங்கியது.

மூன்றாவதில் யூரியா:
வாட்ச்மேன் வில்லாயுதம்
முண்டு மிளகாய்க்கு வாங்கிய மூட்டையில்
ஒரு கைப்பிடி.
சதுரத்தை மறந்து
எட்டு முகத்தோடு எழுந்தது படிகம்.
அதே சோடியம், அதே குளோரின்.
யூரியா உள்ளே குடியேறவில்லை,
வளரும்போது பக்கத்தில் நின்றது,
அவ்வளவுதான்.
"என் மிளகாய் என்ன உருவத்துல வருதோ" என்றார் வில்லாயுதம்.

நான்காவதில் கசப்பு நீர்.
பால் படர்ந்த கண் போல ஒன்று வளர்ந்து
வானம் மூடிய நாளில்
தானாக வியர்த்தது.

அந்த வாரம்தான்
பதினான்காம் பாத்தி லாரி திரும்பி வந்தது.
மெக்னீசியம் கூடுதல். என் நீலச் சொட்டு.
வாரியவள் செபஸ்தியம்மாள்
வாசலில் வந்து நின்றாள்,
கொப்புளத்துக்குத் துணி சுற்றிய பாதத்தோடு.
"கசப்புத் தண்ணிய எறைச்சு விடுங்கன்னு
நாலு தடவ சொன்னேன்.
மோட்டார் ஓடல.
இப்ப மாசு எம் பேர்லயா?"

பேரேட்டைப் புரட்டிப் பார்த்தேன்.
மோட்டாருக்குப் பத்தி இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
மறுநாள் யாரோ அழித்திருந்தார்கள்,
ரப்பர் தூள்கூட ஊதிவிடாமல்.

லாரியை அப்படியே வாங்கிக்கொண்டார்
ஏர்வாடிக் கருவாட்டுக்காரர் செய்யது இபுறாகிம்.
"சுத்த உப்புல போட்டா மீனு மஞ்சளடிச்சுத் தொவண்டுரும்.
இதுலதான் வெள்ளையா வெறைப்பா நிக்கும்."
கசக்காதா?
"லேசா. வாங்கும்போது யாரும் நக்கிப் பாக்குறதில்ல."
பாதி விலைக்கு வாங்கினார்.
செபஸ்தியம்மாளுக்குப் பாதிக் கூலிதான்.
எனக்கு முழுச் சம்பளம்.

ஏழாவது குப்பிக்குச் சீட்டு ஒட்ட மறந்திருந்தேன்.
அதில் என்ன விழுந்ததோ,
கூரை ஆணியின் துருவோ, டீயோ,
என் நெற்றி வியர்வையோ.
எல்லாவற்றிலும் அதுதான் பெரிது, அதுதான் தெளிவு.
நடுவில் ஒரு துளி உப்பளத் தண்ணீர்
வெளியேற வழியில்லாமல் மூடிக்கொண்டது.
துளிக்குள் ஒரு குமிழி.
சாய்த்தால் நகர்கிறது,
கொத்தனாரின் ரசமட்டம் மாதிரி.

மூன்று முறை முயன்றேன்.
துரு போட்டேன். டீ விட்டேன்.
மூன்றாவது முறை எதை விட்டேன் என்பதைச் சொல்லப் போவதில்லை.
வரவில்லை.

தணிக்கைக்கு ஆள் வருகிறது,
ஜன்னலைக் காலி பண்ணு என்றார் மேலாளர்.
குப்பிகளைக் கழுவிக் கவிழ்த்தேன்.
ஏழாவதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.
அடுப்பில் போட்டால் வெடிக்கும்,
மழையில் விட்டால் கரையும்,
வைத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

மாலை ஐந்தே முக்கால் பஸ்ஸில்
முடிச்சை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தேன்.
சிக்கல் வளைவில் பஸ் திரும்பியது.
குமிழி எதிர்ப்பக்கம் போனது.