இதர காரணங்கள்

புதன்கிழமை, மருந்துப்பை ஆய்வு.
வீட்டில் இருப்பதையெல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தோம்.
ஆரோக்கியமேரி ஒரு ஜவுளிக்கடைப் பையை
என் மேசையில் கவிழ்த்தாள்.
பதினோரு அட்டை, பாதி சிரப், ஒரு தைலம்.
கூடவே ஒரு டூத் பிரஷ்.
"அது இல்ல" என்று எடுத்து மறைத்துக்கொண்டாள்.

வயது நாற்பத்தொன்பது. பிறந்தது தங்கவயல்.
வேலை பீனியாவில், காலர் தைக்கும் வரிசையில்.
யஷ்வந்தபுரம் வந்துபோக
அரைநாள் சம்பளம் போகும் என்பதைப்
படிவம் கேட்கவில்லை.

அட்டைகளை வந்த வரிசையில் அடுக்கினேன்.
முதலில் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், ஐந்து.
அது சிலருக்குக் கணுக்காலில் நீர் கோர்க்கும்.
காலைப் பார்த்த வேறொரு டாக்டர்
நீர் இறங்க ஒன்று எழுதினார்.
நீரோடு உப்பும் இறங்கியிருக்கும்;
ராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுக்க
தெருமுனைக் கடையில் வலிக்கு ஒன்று.
வலி மாத்திரை வயிற்றை எரித்தது,
எரிச்சலுக்கு ஒன்று.
வலி மாத்திரையே அழுத்தத்தையும் ஏற்ற
அம்லோடிபின் பத்தானது.
பத்து, திரும்பக் கணுக்காலுக்கு வந்தது.

ஒரு மருந்தின் விளைவு
அடுத்த மருந்துக்கு நோயாவதை
ஆய்வுக்காரர்கள் அருவி என்கிறோம்.
அருவி என்றால் விழுந்து எங்காவது ஓடியாக வேண்டும்.
இது அவள் தைக்கும் காலர்போல
தொடங்கிய தையலில் வந்து முடிந்தது.

எனக்கு, சொல்ல வெட்கம், மகிழ்ச்சி.
போன மாதக் கருத்தரங்கில் நான் ஒட்டிய படத்தில்
இருநூற்றுப் பன்னிரண்டு பைகள், சிவப்பு அம்புகள்.
இவ்வளவு அழகான வட்டம் ஒன்றுகூட இல்லை.

அப்புறம்தான் நீர் மாத்திரை அட்டையைத் திருப்பினேன்.
பத்துக் குமிழில் இரண்டே உடைந்திருந்தன.
வாங்கியது பதினாறு நாளுக்கு முன்.

ஏன் போடவில்லை?
மறதி. விலை. பக்கவிளைவு. நம்பிக்கையின்மை. இதர.
பேனா பக்கவிளைவின் மேல் நின்றது.

"வரிசைக்கு ஒரு டோக்கன்தாங்க.
நாப்பது பேருக்கு ஒண்ணு.
அத வாங்கிட்டுத்தான் கக்கூஸ் போகணும்.
காலையில அந்த மாத்திரை போட்டா
பத்து மணிக்குள்ள மூணு தடவ.
சூப்பர்வைசர் பையன், எம்மவன் வயசு,
வாட்சப் பாப்பான்.
அதான் ஞாயித்துக்கிழமைக்கு வச்சிக்கிட்டேன்.
அன்னிக்குப் பூசைக்குப் போறதில்ல."

வேலைக்குப் போகும் நாளில் எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள்?
"சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு வாய்."

என் அம்பு அங்கே ஒடிந்தது.
சுண்டி இழுத்தது உப்பு போனதால் இருக்காது.

டாக்டர் பெள்ளியப்பா வந்தார்,
நான்கு அட்டைகளை ஒதுக்கினார்,
அழுத்தத்துக்கு வேறொன்று எழுதினார்.
"சாக்கு" என்றார்.
கன்னடத்தில் அதற்குப் போதும் என்று அர்த்தம்.
தமிழில் கோணிப்பை,
அல்லது பொய்க்காரணம்.

அவள் இளைத்த பையை மடித்து இடுக்கிக்கொண்டு
வாசல் வரை போய்த் திரும்பினாள்.
"அப்ப தண்ணி குடிக்கலாமா?"
"குடிக்கணும். ரெண்டு லிட்டராவது."
"டோக்கன்?"

டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.
நான் எரிச்சல் மாத்திரை எப்போது போடுவதென்று,
அவள் கேட்காததை,
விளக்கிக்கொண்டிருந்தேன்.

மாலையில் கணினியில் ஏற்றும்போது
இதர என்ற இடத்தில் டோக்கன் என்று அடித்தேன்.
சொல் ஏற்கப்படவில்லை, எண் வேண்டுமாம்.
இதரவுக்கு எண் ஒன்பது.

ஒன்பது போட்டேன். மூடவில்லை.
பழைய பைகளில் ஒன்பதைத் தேடினேன்.

அறுபத்தேழு.